ஏடிவிக்குப் புது ஷாக் வாங்கும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காடு மேடெல்லாம் ஓடும் நாலு சக்கர வண்டியான ஏடிவிக்கு ஷாக் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி ஷாக் நல்லா இருக்கும்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கெட்டிருப்பது ஸ்பிரிங்கா, உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாயா, போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷா, இல்லை டயரில் காற்று கூடிப்போனதா என்று தெரியாமல் வாங்கினால், பெட்டியைப் பிரித்து மாட்டிய மறுநாளே பழைய கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

ஷாக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு பொருள். வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. நடுவில் இருக்கும் டேம்பர், அதாவது எண்ணெய் நிரம்பிய குழாயும் அதற்குள் போய்வரும் ராடும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. டேம்பர் எடை தாங்காது. ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்காது. ஆகவே வண்டி தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் டேம்பரை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கைக்கு ஓர் உதாரண வண்டி வேண்டும் என்பதால் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2014-இல் வந்த மாடல். முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் இருக்கும் ஷாக்), சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது டிராவல், சுமார் 21 செ.மீ. பின்பக்கம் இரட்டை ஏ-ஆர்ம் (சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும், ஏ எழுத்து வடிவக் கைகள்), சுமார் 24 செ.மீ. உங்களிடம் இருப்பது வேறு வண்டி என்றாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்; எண்கள் மட்டும் மாறும்.

எதையும் கழற்றும் முன்

முதலில் டயர் காற்று. பல ஏடிவிகளில் கம்பெனி சொல்லும் அழுத்தம் 4 முதல் 8 பிஎஸ்ஐக்குள்தான் இருக்கும். ஃபெண்டரிலோ சேஸிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கிறது. பைக்குக்கு அடிக்கிற நினைப்பில் 25 அடித்தவுடனே அகலமான அந்த டயர் ரப்பர் பந்தாகிவிடும். வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பழி ஷாக் மேல் விழும். 1970-இல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர யுஎஸ்90-க்கு ஸ்பிரிங், டேம்பர் எதுவுமே கிடையாது. காற்றுக் குறைந்த பெரிய பலூன் டயர்கள் மட்டும்தான் குலுங்கலை வாங்கிக்கொண்டன. இன்றைய ஏடிவியிலும் முதல் அதிர்ச்சியை வாங்குவது டயர்தான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பஞ்சர் கடையில் இருக்கும் சாதாரண மீட்டர் இதற்கு உதவாது. அதில் 10-க்குக் கீழே முள் நம்பும்படி நிற்பதில்லை. 0 முதல் 15 வரை காட்டும் குறைந்த அழுத்த மீட்டர் ஒன்றை வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறாத டயரில், காலையில் பாருங்கள். இடது, வலது இரண்டும் சமமாக இருக்கட்டும். இந்த அளவு அழுத்தத்தில் 2 பிஎஸ்ஐ வித்தியாசமே கைப்பிடியில் தெரியும்.

அடுத்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட், வீல் பேரிங், ஆர்ம் புஷ் இவற்றில் எது என்று கண்டுபிடித்து அதை முதலில் சரிசெய்யுங்கள். தளர்ந்த ஆர்மில் புது ஷாக் போடுவது வீண் செலவு.

"ஒரு குழியில் இறங்கி ஏறினா மூணு நாலு தடவை ஆடுது"

டேம்பர் போய்விட்டதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் கேரியரில் இரண்டு கையையும் ஊன்றி பலமாக அழுத்தி விடுங்கள். எழுந்து வந்து ஒருமுறை லேசாகத் தாண்டி நின்றால் சரி. திரும்ப இறங்கி, திரும்ப ஏறினால் டேம்பருக்குள் எதிர்ப்பு இல்லை என்று பொருள். முன்பக்கமும் இதேபோல். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. புஷ்கள் இறுகிப்போன வண்டியில் டேம்பர் செத்திருந்தாலும் ஆட்டம் சீக்கிரம் நின்றுவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ராடைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். நல்ல டேம்பர் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பைக் காட்டும். நடுவில் எங்காவது திடீரென்று இலேசாகி மறுபடி இறுகினால் எண்ணெய் குறைந்திருக்கிறது, காற்று புகுந்திருக்கிறது. கேஸ் நிரப்பிய ஷாக்கில், தள்ளிய ராடு தானாக வெளியே வர வேண்டும். வராமல் உள்ளேயே கிடந்தால் நைட்ரஜன் போய்விட்டது.

எண்ணெய்க் கசிவிலும் இரண்டு ரகம் உண்டு. ராடின் மேல் மெல்லிய பிசுக்கு, அதில் தூசி ஒட்டியிருப்பது, பல ஷாக்குகளில் இயல்பு. சீல் ஈரமாக இருப்பதற்காகக் கொஞ்சம் எண்ணெய் வெளியே வரத்தான் செய்யும். துடைத்துவிட்டு, ஒரு ஓட்டம் போய் வந்து பாருங்கள். குழாய் நெடுக வழிந்து சொட்டினால் சீல் போயிற்று.

சீல் ஏன் போயிற்று என்று பார்க்காமல் புது சீல் போடுவதில் பயனில்லை. ராடை நன்றாகத் துடைத்து, விரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை வருடுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் குழியோ துருவோ இருக்கிறது. குரோம் பூசிய ராடில் ஒரு சின்னக் குழி இருந்தால் போதும், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரை மணலில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். உப்பு குரோமுக்கடியில் புகுந்து துருவைக் கிளப்பும். சேற்றில் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்துவதும் அதே வேலையைத்தான் செய்யும். ராடில் காய்ந்த சேறு அடுத்த ஓட்டத்தில் உப்புத்தாளாக சீலைத் தேய்க்கும். ஓடி முடித்ததும் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போதும். பிரஷர் வாஷரின் முனையை மட்டும் நேராக சீலுக்கே பிடிக்காதீர்கள், சேறு உள்ளே போய்விடும்.

ராடு நன்றாக இருந்து, ஷாக்கும் பிரித்துக் கட்டக்கூடிய ரகமாக இருந்தால், புதிது வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சீல், எண்ணெய், நைட்ரஜன் மாற்றினால் முடிந்தது. பிரித்துக் கட்டலாமா என்று தெரிந்துகொள்ள ஷாக்கின் தலைப்பைப் பாருங்கள். திருகி எடுக்கும் மூடியோ உள்ளே பூட்டும் வளையமோ இருந்தால் முடியும். விளிம்பு மடித்து அடைத்திருந்தால் அது தூக்கிப் போடும் ரகம். கம்பெனி வண்டியோடு வரும் ஷாக்குகளில் பலவும் இப்படித்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நைட்ரஜன் உள்ள ஷாக்கைத் துளை போடுவதோ, வெல்டிங் வைப்பதோ, சூடு காட்டுவதோ கூடவே கூடாது. சில ஷாக்குகளுக்குள் 200 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கும் அதற்கான கம்ப்ரஸர் கருவி வேண்டும். கயிற்றையும் இரும்புக் கம்பியையும் வைத்து நெம்பி ஆபத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

"அடி தட்டுது"

அதிகம் பேர் தவறான ஷாக் வாங்குவது இந்த இடத்தில்தான். டங்கென்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டதும் "இன்னும் ஹார்டா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அடி தட்டுவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எப்போது தட்டுகிறது என்று கவனியுங்கள். சுமை ஏற்றினால் மட்டும் தட்டினால், ஸ்பிரிங்கின் ப்ரீலோட், அதாவது முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அளவு, போதவில்லை அல்லது ஸ்பிரிங்கே அந்தச் சுமைக்குப் பற்றவில்லை. வெறும் வண்டியிலேயே தாழ்ந்து நின்று தட்டினால் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. நிற்கும்போது உயரம் சரியாக இருந்து, வேகமாகப் பெரிய மேட்டில் விழும்போது மட்டும் தட்டினால் ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. டேம்பரின் கம்ப்ரஷன், அதாவது ஷாக் அமுங்கும்போது அது காட்டும் எதிர்ப்பு, போதவில்லை; அல்லது கடைசி அடியைத் தாங்க ராடில் கோத்திருக்கும் பம்ப் ரப்பர் பொடிந்து போயிருக்கிறது. அந்த ரப்பர் துண்டு இல்லாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். ஷாக்கைப் பற்றி யோசிக்கும் முன் அது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எந்தக் காரணம் என்று உறுதியாகச் சொல்வது அமிழ்வு அளவுதான். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலிருந்து, ஓட்டுபவர் ஏறி உட்காரும்போது வண்டி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அமிழ்வு என்கிறேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயர் தரையை விட்டு எழும்பும் தருணத்தில் நிறுத்துங்கள். ஆக்சிலுக்கு நேர்மேலே கேரியரில் ஒரு போல்ட்டைக் குறித்துக்கொண்டு, தரையிலிருந்து அதன் உயரத்தை அளங்கள். பிறகு இறக்கி, ஓட்டுபவர் வழக்கமாகக் கொண்டுபோகும் சாமானோடு ஏறி உட்கார்ந்து, மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமிழ்வு. இங்கே பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு. ஏ-ஆர்ம் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். தரையில் டயர் பிடித்துக்கொள்வதால் வண்டி முழுவதும் இறங்காது. இறக்கிய பிறகு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அழுத்தி விட்டு, அதன் பிறகு அளந்தால்தான் எண் உண்மையாக இருக்கும்.

மொத்த டிராவலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்வது பொதுவாகச் சரி. நம் உதாரண வண்டியின் பின்பக்கம் 24 செ.மீ. என்றால் 6 முதல் 8 செ.மீ. நீங்கள் அளந்தது 11 வந்தால் ப்ரீலோட் படியை ஏற்றுங்கள். ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். கடைசிப் படிக்கு ஏற்றியும் 9, 10-லேயே நின்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டியதுதான். ப்ரீலோட் வண்டியைத் தூக்கி நிறுத்துமே தவிர, ஸ்பிரிங்கின் கடினத்தை ஒரு துளியும் கூட்டாது. மூன்று கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங், எவ்வளவு இறுக்கினாலும் அதே மூன்று கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும்.

இப்போது எவ்வளவு கடினமான ஸ்பிரிங் என்ற கணக்கு. எண்களை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்கிறேன். பின்சக்கரம் 10 மி.மீ. மேலே போகும்போது ஷாக் 6 மி.மீ. மட்டும் அமுங்குகிறது என்று வையுங்கள். இந்த விகிதம் 0.6. ஷாக் சக்கரத்தருகே இல்லாமல் ஆர்மின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால் வரும் விகிதம் இது. சக்கரத்தில் உணரப்படும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை இந்த விகிதத்தால் இரண்டு முறை பெருக்கியது. மி.மீ.க்கு 3 கிலோ ஸ்பிரிங் என்றால் சக்கரத்தில் அது 3 × 0.6 × 0.6, அதாவது 1.08 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். பின் கேரியரில் 60 கிலோ மருந்துத் தொட்டி ஏற்றினால் பக்கத்துக்கு 30 கிலோ. வண்டி கிட்டத்தட்ட 28 மி.மீ. கூடுதலாக இறங்கும். இருக்கிற டிராவலில் இது பெரிய வெட்டு.

சுமை ஏற்றும் முன் பக்கத்துக்கு 60 கிலோ, ஏற்றிய பின் 90 என்றால், அதே உயரத்தில் நிறுத்த ஸ்பிரிங்கும் அதே விகிதத்தில் உயர வேண்டும்: 3-லிருந்து 4.5. ஆனால் தொட்டி இல்லாமல் ஓட்டும் நாளில் அந்த 4.5 முதுகை உடைக்கும். எப்போதும் சுமையோடுதான் ஓட்டுவேன் என்பவர் 4.5 போடலாம். பாதி நாள் வெறும் வண்டி என்றால் 3.7 பக்கம் ஒன்றை எடுத்து, மிச்சத்தை ப்ரீலோடால் சமாளிப்பது நல்லது. இல்லையென்றால் இரண்டு ஸ்பிரிங் அடுக்கிய ரகம்: மென்மையான ஸ்பிரிங் முதலில் அமுங்கும், சுமை ஏறியதும் கடினமானது பொறுப்பேற்கும். வெளிநாட்டுக் கடைகள் ஸ்பிரிங்கை அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று விற்கும், மி.மீ.க்கு 1 கிலோ என்பது அங்குலத்துக்குச் சுமார் 56 பவுண்டு. 3 கிலோ ஸ்பிரிங் அங்கே 168 பவுண்டு ஆகும்.

கூடவே வண்டியின் வரம்பையும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ்மேன் 570-இன் வழக்கமான மாடலில் முன் கேரியர் 41 கிலோ, பின் கேரியர் 82 கிலோ, ஆளும் சாமானுமாகச் சேர்த்து மொத்தம் 220 கிலோ. இரண்டு கேரியரும் நிறைந்தால் ஓட்டுபவருக்கு மிஞ்சுவது 97 கிலோதான். கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆர்மும் ஆக்சிலும் பிரேக்கும் பழைய வரம்பிலேயே இருக்கும்.

கண் மதிப்பில் "பழசு மாதிரியே இருக்கு" என்று ஸ்பிரிங் வாங்க வேண்டாம். கடினம், கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 10 மி.மீ. கம்பி 11 ஆனால் கடினம் 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது, சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை திணிப்பது இவையெல்லாம் மிச்சமிருக்கும் சுற்றுகள் மேல் பாரத்தைக் குவித்து ஸ்பிரிங்கை முறிக்கும் வழிகள்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டேம்பரையே வைத்தால் என்ன ஆகும்? கடினமான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி எழும்; அதைப் பிடித்து நிறுத்தப் பழைய டேம்பருக்குப் பலம் போதாது. 10, 15 சதவீதம் கூடினால் பெரும்பாலும் தாங்கும். 50 சதவீதம் கூட்டிவிட்டுப் பழைய டேம்பரை நம்பினால் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். அந்த அளவு மாற்றத்துக்கு ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து வரும் ஷாக்கையே வாங்குங்கள்.

"குலுக்கி எடுக்குது, முதுகு போச்சு"

டயர் காற்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. அடுத்தது ப்ரீலோட். யாராவது முன்பு சுமைக்காக ஏற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அமிழ்வு 3, 4 செ.மீ.தான் வருகிறது என்றால் படியைக் குறையுங்கள். அதிலேயே பாதி வண்டிகள் சரியாகிவிடும். படியை முழுக்க இறக்கியும் அமிழ்வு குறைவாகவே இருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மேல். ஒல்லியான ஆள், பந்தயத்துக்கென்று விற்ற ஷாக்கை வாங்கி மாட்டினால் இதுதான் நடக்கும்.

இதில் ஒரு மாறுவேடம் உண்டு. முதல் சில மேடுகள் நன்றாகத் தாண்டும். பல்பல்லாக மேடுள்ள பாதையில் போகப் போக இறுகிக்கொண்டே வரும். அது கம்ப்ரஷன் கோளாறு கிடையாது. ரீபவுண்ட், அதாவது ஷாக் திரும்பி நீளும்போது டேம்பர் காட்டும் எதிர்ப்பு, அதிகமாக இருப்பதால் சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஷாக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, டிராவல் தீர்ந்து நிற்கிறது. ரீபவுண்ட் திருகு இருந்தால் இரண்டு கிளிக் திறந்து விடுங்கள். இல்லாத ஷாக் என்றால், வளைந்த ராடு சீலில் பிடித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

"ஓட ஓட இளகுது"

காலையில் நன்றாக இருந்து, அரை மணி நேரம் கடுமையாக ஓட்டியதும் படகு போல ஆடத் தொடங்குகிறதா? ஆறவிட்டால் மறுபடி சரியாகிறதா? சீல் நன்றாக இருந்தும் இப்படி என்றால் எண்ணெயும் கேஸும் கலந்து நுரைக்கிறது. டேம்பர் தடுக்கிற ஆற்றல் முழுதும் சூடாக மாறுகிறது. சூடான எண்ணெய் இளகும்; பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிற இடத்தில் குமிழி கட்டும். குமிழி கலந்த எண்ணெயில் பிஸ்டனுக்கு எதிர்ப்பு கிடைக்காது.

பிரான்ஸ் பொறியாளர் கிறிஸ்தியன் பூர்சியே த கார்போன் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார்: எண்ணெயையும் கேஸையும் மிதக்கும் ஒரு பிஸ்டனால் பிரித்து, கேஸை அழுத்தத்தில் வைத்தார். எண்ணெய் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால் குமிழி கட்டுவது கடினம். ஈரம் இல்லாததாலும் எண்ணெயைக் கெடுக்காததாலும் நைட்ரஜன் நிரப்புகிறார்கள். தனிக் குப்பி ஒட்டிவரும் ஷாக்குகள் இதே ஏற்பாட்டின் நீட்சிதான்; எண்ணெய் அளவு கூடும், சூடு பரவ இடம் கிடைக்கும்.

குப்பி வேண்டுமா? மேடு பள்ளத்தில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டுபவருக்குக் கட்டாயம் வேண்டும். எஸ்டேட்டில் சாமான் ஏற்றி இறக்குபவருக்கும், ரிசார்ட் டிராக்கில் சுற்று வருபவருக்கும் பெரும்பாலும் தேவையில்லை. அவர்களுடைய ஷாக் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. சந்தேகம் என்றால் கடும் ஓட்டம் முடிந்ததும் ஷாக் குழாய்ப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோங்கள். அனல் அடிக்காமல் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், குப்பிக்குச் செலவு செய்யும் பணத்தைச் சரியான ஸ்பிரிங்குக்குப் போடுங்கள்.

"ஒரு பக்கம் சாயுது"

இரண்டு டயரிலும் காற்றும் அளவும் ஒன்றா, இரண்டு ப்ரீலோட் வளையமும் ஒரே படியிலா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் இடது ஷாக்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டுங்கள். சாய்வு கூடவே மாறினால் ஷாக். அதே பக்கம் நின்றால் ஆர்மோ சேஸோ வளைந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று தட்டுக்குள் முறிந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. சேற்றில் மறைந்திருக்கும், கழுவினால்தான் தெரியும்.

"டக் டக்னு சத்தம்"

ஷாக்கின் மேல் போல்ட்டில் விரலை வைத்துக்கொண்டு வேறொருவரை வண்டியை ஆட்டச் சொல்லுங்கள். தட்டு விரலில் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ்ஷும் ஸ்லீவும் மட்டும் மாற்றினால் போதும். போல்ட் தண்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் போல்ட்டையும் மாற்றுங்கள். ரப்பர் ஒட்டிய புஷ் என்றால் வண்டி தரையில் எடையோடு நிற்கும்போதுதான் கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

அளவு எடுப்பது

நோய் ஷாக்தான் என்று உறுதியான பிறகு டேப்பை எடுங்கள். மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை, முழுதாக நீண்ட நிலையில் ஓர் அளவு, முழுதாக அமுங்கிய நிலையில் ஓர் அளவு. அமுங்கிய அளவை ஷாக்கை வைத்து எடுப்பதைவிட வண்டியை வைத்து எடுப்பது பாதுகாப்பு. ஷாக்கை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். டயர் ஃபெண்டரையோ ஆர்ம் சேஸையோ தொடும் இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்தி, இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே அளங்கள். புது ஷாக் அந்த நீளத்துக்கு வரும் முன்பே முழுதாக அமுங்கி நின்றுவிட்டால் டிராவல் குறையும், ஒவ்வொரு அடியும் ஷாக் மவுண்டில் விழும். அந்த நீளத்தையும் தாண்டி அமுங்கினால் டயர் போய் ஃபெண்டரில் இடிக்கும்.

நீளமான ஷாக் போட்டால் வண்டி உயரும் என்ற ஆசை நிறையப் பேருக்கு உண்டு. பல ஏடிவிகளில் சக்கரம் கீழே தொங்கும்போது அதை நிறுத்துவது ஷாக்கின் நீளம்தான். 30 மி.மீ. கூட்டினால், 0.6 விகிதத்தில் சக்கரம் 50 மி.மீ. கூடுதலாகத் தொங்கும். ஆக்சிலை மடங்கவிடும் சிவி ஜாயிண்ட்டின் கோணமும் பால் ஜாயிண்ட்டின் கோணமும் எல்லை தாண்டும். ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், பிறகு ஆக்சில் போகும். உயரம் வேண்டும் என்றால் ஆர்ம், ஆக்சில் எல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டிய வேலை அது.

புஷ்ஷின் உள் விட்டம், அகலம், மேல் கீழ் மவுண்ட் வகை, குப்பி இருந்தால் அது திரும்பும் பக்கத்தில் சைலன்சரோ சேஸோ இடிக்கிறதா என்பது வரை குறித்துக்கொள்ளுங்கள். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஸ்ட்ரட் வெறும் ஷாக் கிடையாது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் அதுதான், பக்கவாட்டு விசையையும் அது தாங்குகிறது. கண்ணுக்குக் கண் அளவு பொருந்தியது என்று பொது ஷாக்கை அதில் மாட்ட வழியே இல்லை. அந்த மாடலுக்கென்று செய்த ஸ்ட்ரட்தான் வேண்டும்.

சின்னச் சீன ஏடிவிகளுக்குப் பைக்கின் பின் ஷாக்கை மாட்டிவிடும் பழக்கமும் இருக்கிறது. நீளம் ஒத்துப்போகும், விலை மலிவு, வண்டி நிற்கவும் நிற்கும். ஆனால் இரட்டை ஷாக் பைக்கில் அது பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும். ஏடிவி ஆர்மில் 0.6-இல் அதையே மாட்டினால் சக்கரத்துக்கு அதன் கடினத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அடி தட்டும், அதற்காக ப்ரீலோடை ஏற்றுவார்கள், குலுக்கும். குழந்தைகள் மெதுவாக ஓட்டும் வண்டி என்றால் தற்காலிகத்துக்கு ஓடட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

எதை வாங்குவது

இதுவரை இருந்த ஷாக் திருப்தியாக ஓடி, வயதாகிப் போயிருந்தால், அதே கம்பெனி ஷாக்கை வாங்குவதில் தவறே இல்லை. சுமையோ ஓட்டும் விதமோ மாறியிருந்தால் மட்டும் வெளி ஷாக்குகளைப் பாருங்கள். ஃபாக்ஸ், கனடாவின் எல்கா, ஸ்வீடனின் ஓலின்ஸ் போன்றவற்றின் பெரிய பலம், பிரித்துக் கட்டலாம் என்பதும் உங்கள் எடைக்கு ஸ்பிரிங் தேர்ந்து கேட்கலாம் என்பதும்தான். ஆகவே ஆர்டரில் வண்டிப் பெயரோடு நிறுத்தாமல், உடுப்போடு உங்கள் எடை, முன் பின் கேரியரில் எப்போதும் இருக்கும் எடை, டயர் அளவு, ஆர்ம் மாற்றியிருந்தால் அந்த விவரம் எல்லாம் எழுதிக் கொடுங்கள். இதைக் கேட்காமல் "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்பவரிடம் வாங்க வேண்டாம். கிட்டத்தில் சீல் மாற்றவும் நைட்ரஜன் நிரப்பவும் ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். இல்லையென்றால் பிரித்துக் கட்டும் வசதிக்குக் கொடுத்த காசு பயன்படாது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தில் நிற்கும் ஷாக்குகளும் உண்டு. எடை குறைவு, பம்ப் வைத்துக் கடினத்தை மாற்றலாம். ஆனால் அடிக்கடி அழுத்தம் பார்க்க வேண்டும், சீல் போனால் வண்டி உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில் கவனிக்காமல் கிடக்கும் வண்டிக்கு அது ஒத்துவராது.

எதை வாங்கினாலும் இடது வலது ஜோடியாக மாற்றுங்கள். மாட்டிய பிறகு அமிழ்வை மறுபடி அளந்து ப்ரீலோடை வையுங்கள். திருகுகள் இருந்தால் கம்பெனி சொன்ன நடு நிலையில் விட்டு, ரீபவுண்டை முதலில் சரிபார்த்து, பிறகு கம்ப்ரஷனைத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகு. முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஷாக் ராடில் மெல்லிய ஒரு ரப்பர் வளையம் மாட்டி, சீலோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான பாதையில் வழக்கமான சுமையோடு ஒரு ஓட்டம் போய் வாருங்கள். எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் வளையம் நிற்கும். ராடின் கடைசியை எட்ட ஒரு செ.மீ. போல மிச்சம் இருந்தால் தேர்வு சரி. பாதியிலேயே நின்றிருந்தால் ஸ்பிரிங்கோ கம்ப்ரஷனோ கூடுதல். பம்ப் ரப்பரை நசுக்கும் இடம் வரை போயிருந்தால், அமிழ்வு சரியாக இருக்கும்பட்சத்தில், கம்ப்ரஷனை இரண்டு கிளிக் கூட்டி, அதே பாதையில் இன்னொரு ஓட்டம் போய்ப் பாருங்கள்.